தாய்மாமன் வயிற்றுக்கு இருபத்தொரு மார்க்

மட்டாஞ்சேரி, கொச்சி.
வெள்ளிக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை பாண்டியராஜன் அவர்களுக்கு,

மைத்துனன் சிவசங்கரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் வீட்டுக்காரி செல்வலட்சுமியும், மகன் விஸ்வநாத்தும், மருமகள் தன்யாவும் சுகம். இதில் என் பெயரை மட்டும் அடித்துவிட்டுப் படித்துக்கொள்ளவும். அங்கே நீரும், என் தங்கச்சி பேச்சியும், கல்யாணப்பெண் மதுவந்தியும் நன்றாக இருக்க நெல்லையப்பரை வேண்டுகிறேன். எனக்காக நாலு பேர் வேண்டவேண்டிய நிலைமையில் நான் இருக்கிறேன். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

இந்தக் காலத்தில் எவன் வே கடிதாசி எழுதுவான், போன் போட்டால் என்ன என்று நீர் கேட்பீர். உம்ம வீட்டுப் போன் எந்நேரமும் ஸ்பீக்கரில்தான் கிடக்கும். நான் இங்கே ஒரு இருமல் இருமினால் அங்கே அடுப்படியில் நிற்கும் பேச்சி, "அண்ணனுக்கு என்ன, அண்ணனுக்கு என்ன" என்று கரண்டியோடு ஓடி வந்துவிடுவாள். அதனால்தான் உம்ம பாத்திரக்கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். படித்ததும் கல்லாப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடும். விஷயம் இதுதான், மனதைத் திடப்படுத்திக்கொள்ளும்: அடுத்த மாதம் நம்ம மதுவந்தி கல்யாணத்துக்குத் தாய்மாமனாகிய நான் வரமுடியாது போலிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன், கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படியும்.

எல்லாம் கப்பையில் ஆரம்பித்தது. நம்ம ஊர் மரவள்ளிக்கிழங்குக்கு இங்கே கப்பை என்று பெயர். தன்யாவின் அம்மா, அதாவது நம்ம சம்பந்தியம்மாள், அதை வேகவைத்து, காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியோடு வைத்தாள். இந்த ஊரில் துவையலுக்குச் சம்மந்தி என்று பேர் வே, சம்பந்தி வீட்டில் சம்மந்தி என்று எனக்கு ஒரே சிரிப்பு. சிரித்துக்கொண்டே மூன்று தட்டு உள்ளே போய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலம் நெஞ்சுக்குழியில் அடுப்பு மூட்டின மாதிரி ஒரு எரிச்சல், புளித்த ஏப்பம், வயிறு கல்லு. விஸ்வநாத் ஏலூரில் கம்பெனி ஷிப்டுக்குப் போயிருந்தான். தன்யாதான், "அப்பா, அடுத்தே ஒரு ஆஸ்பத்திரி உண்டு, வயித்துக்குன்னு தனியா டாக்டர் இருக்கார், நானும் கூட வரட்டே? அவங்க பறயறது உங்களுக்கு மனசிலாவுமா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மின்வாரியத்தில் குறைதீர்ப்புப் பிரிவில் சர்வீஸ் முழுக்க உட்கார்ந்தவன் நான். எத்தனை விதமான பாஷை, எத்தனை விதமான வசவு கேட்டவன்! மலையாளம் என்ன, நம்ம தமிழையே கொஞ்சம் மூக்கு வழியாக விட்டால் ஆச்சு. "மனசிலாவும்மா, எல்லாம் மனசிலாவும்" என்று சொல்லிவிட்டு, செல்வலட்சுமியை மட்டும் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

டாக்டர் பெயர் சேவியர். நல்ல மனுஷன், சிரித்த முகம். ஆனால் அவரைப் பார்க்கும் முன்னால் ஒரு நர்ஸ் பெண் நம்மைப் பரீட்சை வைக்கிறது வே. வயிற்று நோவு எவ்வளவு என்று சும்மா வாயால் சொன்னால் இவர்களுக்குப் போதாதாம், அளந்து பார்க்க வேண்டுமாம். நெஞ்செரிச்சல், ஏப்பம், குமட்டல், உப்புசம், மேல்வயிற்று வலி, ரெண்டு வாய் தின்னதும் வயிறு நிறைந்துபோவது என்று ஆறு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டையில் ஐந்து மூஞ்சி வரைந்து வைத்திருக்கிறார்கள். முதல் மூஞ்சி முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறது, அதற்கு மார்க்கே கிடையாது. கடைசி மூஞ்சி கண்ணீர் விட்டு அழுகிறது, அதற்கு நாலு மார்க். நம் நோவுக்கு எந்த மூஞ்சி பொருத்தமோ அதைத் தொட வேண்டும். மொத்தம் இருபத்து நாலு மார்க், கூடக்கூட நோவு பெரிசு. நீரே சொல்லும் மாப்ளே, பென்ஷன் வாங்குகிற ஒரு மனுஷன், ஒரு சின்னப் பெண்பிள்ளை முன்னால், பல்லை இளிக்கிற மூஞ்சியைத் தொட்டு இதுதான் நான் என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? சிரிக்காமல் அழாமல் உதட்டை நேர்கோடாக வைத்துக்கொண்டு நடுவில் ஒரு மூஞ்சி இருந்தது, பார்த்தால் நம்ம சூப்பிரண்டு மாதிரி மரியாதையாக இருந்தது. ஆறு கேள்விக்கும் அதையே தொட்டேன். பன்னிரண்டு மார்க்.

டாக்டர் மார்க்கைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். அடுத்த மாதம் தங்கச்சி மகள் கல்யாணம், திருநெல்வேலிக்குப் போகணும், பந்தியில் உட்காரணும் என்று நான் சொன்னேன். மார்க் ஆறுக்குக் கீழே வரட்டும், பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம், அதுவரை யாத்திரையும் வேண்டாம், சத்யையும் வேண்டாம் என்றார். சத்யை என்றால் விருந்து. அந்த மாத்திரை இருக்கிறதே, சொல்லக்கூடாது, தேவாமிர்தம். மூன்றாம் நாளே எரிச்சல் போன இடம் தெரியவில்லை. ஏப்பம் விட வேண்டும் என்று உட்கார்ந்தாலும் வரமாட்டேன் என்கிறது. சரி, கல்யாணத்துக்குப் போய்விடலாம் என்று மதுவந்திக்கு வாங்கின பட்டுச்சேலையை எடுத்துப் பார்த்து மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

இனிமேல்தான் கூத்து. ரெண்டாவது தரம் போனபோது அந்த நர்ஸ் பெண் என்னைப் பார்த்ததும், "அங்கிளே, குறவுண்டோ?" என்று கேட்டது. எனக்கு அப்படியே மனசு இளகிவிட்டது. குறை உண்டோ! ஆயுசு பூராவும் ஊரார் குறையை நான் கேட்டேன். கரண்ட் இல்லை, மீட்டர் ஓடுகிறது, பில்லு கூட வருகிறது என்று கத்தின ஒருத்தனாவது, உமக்கு ஏதாவது குறை உண்டா சிவசங்கரன் என்று என்னைத் திருப்பிக் கேட்டிருப்பானா? இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வாசலிலேயே நிறுத்திக் கேட்கிறார்கள். "ஒரு குறையும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல" என்று கை கூப்பினேன். அந்தப் பெண் முகம் வாடிப்போயிற்று. "ஒட்டும் இல்லே?" என்றது. கொஞ்சம்கூடவா இல்லை என்று கேட்கிறது, அது எனக்குப் புரிந்தது. "எள்ளளவும் கிடையாது" என்றேன். உடனே அதுவாகவே அட்டையை எடுத்து, உதடு கீழே தொங்குகிற நாலாவது மூஞ்சியில் விரலை வைத்து, "இதாணோ?" என்றது. பெண்பிள்ளை பாடுபட்டுக் காட்டுகிறது, இல்லை என்றால் அதுவே நாம் சொன்ன ஒரு குறையாகிவிடுமே என்று தலையை ஆட்டிவைத்தேன். ஆறு கேள்விக்கும் அதே மூஞ்சி, மார்க் பதினெட்டு. மாத்திரை ரெண்டு மடங்கு, கூடவே ரோஸ் கலரில் சுண்ணாம்புத் தண்ணி மாதிரி ஒரு மருந்து.

அந்த மருந்து உள்ளே போனதில் நாக்கு செத்துவிட்டது மாப்ளே. காபி கூடாது, புளி கூடாது, வத்தல் கூடாது. செல்வலட்சுமிக்குச் சொல்லவா வேண்டும், டாக்டர் ஒன்று சொன்னால் ஒன்பது செய்வாள். காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சி, ராத்திரி மாறுதலுக்கு நீத்த கஞ்சி. இந்தத் தெருவில் நடந்தால் குடோனுக்குக் குடோன் மிளகும் சுக்கும் ஏலக்காயும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறார்கள், வாசனை ஆளைத் தூக்குகிறது. அதை மோந்துகொண்டே வந்து நான் உப்பில்லாத கஞ்சியைக் குடிக்கிறேன். தன்யா நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரிக்கும்போது மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். விஸ்வநாத் வேலை முடிந்து வந்து, "டாக்டர் என்னப்பா சொன்னாரு" என்று கேட்பான். "ஒரு குறையும் இல்லடே" என்பேன். அவன் சந்தோஷமாகப் படுக்கப் போய்விடுவான். ஆஸ்பத்திரி காகிதங்களையெல்லாம் யார் கண்ணிலும் படாமல் என் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பிள்ளைகள் எதற்குப் பயப்பட வேண்டும்?

மூன்றாவது தரம் ஒரு முடிவோடு போனேன். போன தரம் நாம் மனம் திறந்து பாராட்டவில்லை போலிருக்கிறது, அதுதான் முகம் வாடிவிட்டது என்று எண்ணிக்கொண்டு, டாக்டர் சேவியர் அதே கேள்வியைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்து, "டாக்டர், ஒரு குறையும் இல்லை. நேத்தும் இல்லை, இன்னைக்கும் இல்லை, இனிமேலும் இருக்கப்போறதில்லை!" என்று சொன்னேன். செல்வலட்சுமியும் எழுந்து நின்று, "எனக்குத் தெரிஞ்சு ஒரு குறையும் இல்லைங்க" என்று சாட்சி சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நர்ஸ் பெண் பாதிக் கேள்விக்கு அழுகிற மூஞ்சியையே தொட்டுக் கணக்குப் போட்டது. மார்க் இருபத்தொன்று. பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு வாங்கினதில்லை. மறுநாள் வெறும் வயிற்றோடு வரச்சொல்லி, தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம், நீர் கடையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டு படிப்பீர்.

பார்த்து முடித்துவிட்டு டாக்டர் என் தோளில் கை வைத்தார். வைத்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "குழப்பமொன்னும் இல்ல" என்றார். கேட்டீரா? குழப்பம் இல்லை! அதாவது இதுவரைக்கும் அதுவா இதுவா என்று அவருக்கு ஒரு குழப்பம் இருந்திருக்கிறது. உள்ளே பார்த்ததும் அது தீர்ந்துவிட்டது, பெரிய நோவுதான் என்று நிச்சயமாகிவிட்டது. என் முகம் போன போக்கைப் பார்த்து, "விஷமிக்கண்டா, விஷமிக்கண்டா" என்று முதுகில் வேறு தட்டினார். விஷம் என்ற சொல்லே அவர் வாயில் வந்துவிட்டது வே. வெளியே வந்ததும் செல்வலட்சுமி, "டாக்டரே குழம்பலையாம், நாம எதுக்குக் குழம்பணும்" என்று ஆட்டோ கூப்பிடப் போய்விட்டாள். வெள்ளந்தி. நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நீர் செய்யவேண்டியது. மணமேடைக்கு மதுவந்தியை மாலை போட்டுக் கூட்டி வரவேண்டியவன் நான். என் மடியில் உட்கார்த்தித்தான் அந்தப் பிள்ளைக்குக் காது குத்தினோம், வீல் வீல் என்று கத்தி என் வேட்டியையே நனைத்தது. அந்த இடத்தில் இன்னொருத்தனை நிற்க வைக்கச் சொல்லி என் கையாலேயே எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது மாப்ளே, மறைக்க என்ன இருக்கிறது. எனக்குப் பதில் விஸ்வநாத் நிற்கட்டும். பட்டுச்சேலையையும் வளையலையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். மாமாவுக்குக் கால் சுளுக்கு என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லும், கல்யாணம் முடிகிறவரை வேறு எதுவும் சொல்ல வேண்டாம். என் சைக்கிள் மேல் உமக்கு ரொம்ப நாளாக ஒரு கண் என்று எனக்குத் தெரியும். எடுத்துக்கொள்ளும், பின் டயர் மட்டும் மாற்ற வேண்டும். அப்புறம், உம்ம புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு வந்த என்னை, பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரன் என்றுகூடப் பார்க்காமல் மூன்றாம் பந்தியில் உட்கார வைத்தீர். பாயசம் தீர்ந்துபோய்விட்டது என்று சொன்னீர். அதை நான் இன்றைக்குவரை மறக்கவில்லை. இன்று மனப்பூர்வமாக மன்னித்துவிட்டேன்.

பேச்சிக்கு என் ஆசீர்வாதம். மதுவந்தியும் மாப்பிள்ளைப் பையனும் நீடூழி வாழட்டும், பிள்ளைகுட்டியோடு வீடு நிறையட்டும், மிளகாய் தின்னாலும் எரியாத வயிறு அவர்களுக்கு வாய்க்கட்டும். உம்ம கடையில் பித்தளையும் எவர்சில்வரும் நாளும் நிறைந்து விற்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் எத்தனை நாளைக்கோ
உம்ம மைத்துனன்,
சிவசங்கரன்.

பி.கு: மேலே எழுதினது எதையும் நம்பாதேயும். தபால்தலை வாங்கக் கிளம்பின நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. போன் தன்யா கையில் இருந்தது. பேஷண்டுக்கு மார்க் ஏறிக்கொண்டே போகிறது, குழாய் விட்டுப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை, டாக்டர் வீட்டு ஆட்களோடு பேச வேண்டும் என்கிறார் என்று சொன்னார்களாம். அவ்வளவுதான், அந்தப் பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. டாக்டர் வழக்கம்போல, "குறவுண்டோ?" என்றார். இதுதான் கடைசிக் கேள்வியோ என்று நினைத்து, நானும் கை கூப்பி, "ஒரு குறையும் இல்லை டாக்டர்" என்றேன். தன்யா என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். அழுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். தோள் குலுங்குகிறது பாரும், சிரிக்கிறாள்!

"அப்பா, நம்மகிட்ட என்ன குறைன்னு அவர் கேக்கலை. குறவுண்டோன்னா நோவு குறைஞ்சிருக்கான்னு அர்த்தம்! நீங்க வந்த தரமெல்லாம் எள்ளளவும் குறையலை, இனியும் குறையாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கீங்க!" என்றாள். எனக்குக் காது அடைத்துவிட்டது. "அப்போ குழப்பமில்லைன்னாரே?" என்று கேட்டேன். பயப்பட ஒன்றும் இல்லை என்று அர்த்தமாம். "விஷமிக்கண்டான்னாரே?" கவலைப்படாதே என்று அர்த்தமாம். டாக்டர் சேவியருக்கு அவள் மலையாளத்தில் எடுத்துச் சொன்னதும் மனுஷன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "என்றெ சாரே, இத்தனை வருஷ சர்வீஸ்ல இவ்வளவு சந்தோஷமா வேதனைப்படற ஒரு ஆளை நான் கண்டிட்டில்ல!" என்றார். அந்த நர்ஸ் பெண் அட்டையைக் கொண்டுவந்தது. மரியாதையாவது மண்ணாவது என்று பல்லை இளிக்கிற மூஞ்சியை ஆறு தரம் தொட்டேன். பூஜ்யம். யாத்திரைக்குத் தடையில்லை, பந்திக்கும் தடையில்லை, காந்தாரி மட்டும் வேண்டாம் என்று சொல்லி மாத்திரையைக் குறைத்துவிட்டார். பெற்ற பிள்ளையைவிட இந்த மருமகள் பிள்ளை எனக்குக் கெட்டி என்று உம்மிடம் மட்டும் சொல்கிறேன், விஸ்வநாத்திடம் சொல்ல வேண்டாம்.

இவ்வளவையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம்தான். ஆனால் எழுதின கோப்பைக் கிழிப்பது என் சர்வீஸிலேயே கிடையாது. ஆகவே இதன் மூலம் தெரியப்படுத்துவது: சைக்கிள் என்னுடையது, அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதேயும். பால்காய்ச்சு விஷயத்தில் வழங்கிய மன்னிப்பும் வாபஸ். கல்யாணத்தில் முதல் பந்தியில் முதல் இலை எனக்கு, பாயசம் ரெண்டு தரம். அதற்கப்புறம் மன்னிப்பைப் பற்றி யோசிக்கிறேன்.

மறுபடி பி.கு: நேற்று இந்தச் சந்தோஷத்தைக் கொண்டாடச் சம்பந்தி வீட்டில் விருந்து வைத்தார்கள். அவியல், ஓலன், மூன்று பாயசம். சம்பந்தியம்மாள் ஆசையாகப் பக்கத்தில் வந்து நின்று, "ஊணு எங்ஙனெ உண்டு?" என்று கேட்டாள், சாப்பாடு எப்படி என்கிறாள். புதிதாகக் கற்ற சொல்லை வீணாக்குவானேன் என்று நானும் எழுந்து நின்று, "நல்ல குறவுண்டு! எல்லாத்திலயும் குறவுண்டு!" என்றேன். அந்தம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், இன்னும் வெளியே வரவில்லை. நோவுக்குக் குறவு இருந்தால்தான் நல்லதாம், சாப்பாட்டுக்கு இருந்தால் நம்ம ஊர் அர்த்தமேதானாம். தன்யா சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறாள். இது தீர்ந்ததும் ரயில் ஏறுகிறேன். மதுவந்தியிடம் இப்பவே போய்ச் சொல்லும்: மாமா வாரான், மாலையை அவன்தான் போடுவான், உடம்புக்கு ஒரு குறையும் இல்… சவத்த விடும். மாமா வாரான்னு மட்டும் சொல்லும், போதும்.